பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதிலிருந்து "என் லேப்டாப்புக்கு 11 வராது என்கிறதே, என்ன செய்ய?" என்றுதான் நிறைய பேர் கேட்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ப்ராசஸருக்கு ஆதரவு இல்லை என்று காட்டுகிறது. நிஜமாகவே ஓடாதா?

பதில்: நன்றாகவே ஓடும். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்பது மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு. வேகத்தைப் பொறுத்தவரை உங்கள் ப்ராசஸருக்கு இது பெரிய சுமை இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11-ன் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவத் தேவையான முழுத் தொகுப்பு) இறக்குங்கள், வேறு எங்கிருந்தும் வேண்டாம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் அதைக் கொடுத்து, 8 ஜிபி அல்லது அதற்கு மேலான பென்டிரைவில் எழுதுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் டிபிஎம் (ரகசியக் கீகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) நிபந்தனைகளை நீக்கட்டுமா என்று கேட்கும், அதை டிக் செய்யுங்கள். ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும்.

முக்கியமான இடம் இதுதான்: உங்கள் ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்க வேண்டுமென்றால், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது லேப்டாப்பையே அதிலிருந்து தொடங்கினால், அது புதிதாக நிறுவுவது, மென்பொருள் எல்லாம் போய்விடும். எந்த வழியில் போனாலும் முதலில் பேக்கப்.

கேள்வி: என்னிடம் இருப்பது கோர் 2 டுயோ, 4 ஜிபி ராம். இதிலும் ரூஃபஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 என்ற பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் ப்ராசஸரிலேயே இருந்தாக வேண்டும். கோர் 2 டுயோவில் அவை முழுமையாக இல்லை, அதனால் பூட்டே ஆகாது, இதற்குக் குறுக்கு வழியும் கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள். நிறுவாமல் பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிபிஎம் இல்லை என்கிறது. லேப்டாப் அவ்வளவு பழசும் இல்லையே?

பதில்: பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புகள்) அணைந்திருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். ஆனால் பயாஸில் கை வைக்கும் முன், டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிரைவ் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாம் ஆன் செய்யாமலே சில லேப்டாப்புகளில் அது தானாக ஆன் ஆகியிருக்கும்! மாற்றம் செய்தபின் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிற்கும், அது உங்களிடம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் அத்தனையும் போனதுதான், யாராலும் மீட்டுத் தர முடியாது. கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள், தயவுசெய்து.

கேள்வி: போட்ட பிறகு அப்டேட் வருமா சார்?

பதில்: மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்கள் பொதுவாக வருகின்றன, ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு உறுதி தரவில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு மட்டும் பெரும்பாலும் தானாக வராது, மறுபடியும் பென்டிரைவ் வேலைதான். ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதம் ஆதரவு என்பதால் அது முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குறிப்பாக, அம்மா அப்பாவின் லேப்டாப்பில் போட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் 10-க்குத் திரும்பலாமா?

பதில்: 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி பகுதியிலிருந்து திரும்பலாம். புதிதாக நிறுவியவர்களுக்கு இந்த வசதி இல்லை. திரும்பினால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். 2026 அக்டோபர் 13 வரை உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை.

கேள்வி: ஹார்ட்டிஸ்க்தான் இருக்கிறது, 11 போட்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது, இன்னும் இழுக்கும். முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். அதன்பிறகு 10-லேயே வேகம் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கேள்வி: அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் செய்யலாமா?

பதில்: கூடாது. அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேளுங்கள், அது அவர்கள் பொறுப்பு.