கல்யாண வீடியோ எடிட்டிங்கிற்கு ஐ9 வேண்டுமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். சோனி ஏ7 மார்க் 4-இல் எடுத்த 4கே ஃபைல்களை அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் போட்டால், டைம்லைனை நகர்த்தும்போதே பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது. புதிதாக அசெம்பிள் செய்ய 1,75,000 ரூபாய் வைத்திருக்கிறேன். கடையில் கொடுத்த கொட்டேஷன்: இன்டெல் ஐ9-14900கேஎஃப், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் நான்கு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1 டிபி எஸ்எஸ்டி, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட். "ஐ9 போட்டால் எதுவும் திணறாது" என்கிறார்கள். வாங்கிவிடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இந்த கொட்டேஷனை அப்படியே வாங்காதீர்கள். கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி பிராசசருக்குப் போகிறது. ஆனால் உங்கள் திணறல் அங்கே தீராது.

முதலில் உங்கள் ஃபைலைப் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்தால் அதன் விவரம் வரும். அங்கே 4:2:2, 10 பிட் (நிறத் தகவலை அதிகமாகப் பதியும் முறை) என்று இருக்கிறதா? உங்கள் கேமராவில் அந்த அமைப்பு உண்டு. பட்டுப்புடவையின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் பிற்பாடு திருத்த வசதியாக இருப்பதால் கல்யாண வேலை செய்பவர்கள் பலரும் அதில்தான் எடுக்கிறார்கள். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264, எச்.265 முறைகள் இரண்டிலும் ஒரு ஃபிரேமைக் காட்ட, முன்பின் உள்ள பல ஃபிரேம்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் சுருக்கியதை விரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனி டீகோடர் இருக்கிறது. ஆனால் எல்லா டீகோடருக்கும் 4:2:2 தெரியாது. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கார்டுகள் நிறத் தகவல் குறைவான 4:2:0 ஃபைலை அலட்டாமல் ஓட்டும்; 4:2:2 வந்தால் கைவிட்டுவிடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா இதைச் சேர்த்தது.

இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 4:2:2-வை டீகோட் செய்யும். ஆனால் உங்கள் கொட்டேஷனில் இருப்பது கேஎஃப். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஆக, 4060-ஆலும் முடியாது, பிராசசரிலும் அந்த வசதி இல்லை. மொத்த பாரமும் கோர்களின் தலையில் விழும். இத்தனை செலவு செய்தும் இரண்டு கேமரா கிளிப்பை ஒன்றாக ஓட்டும்போது மறுபடி திணறலாம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் முதலில் கார்டை முடிவு செய்யுங்கள்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபி மாடலும் விற்கிறது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். பிராசசருக்கு கோர் அல்ட்ரா 7 265கே போதும், எஃப் இல்லாதது. 20 கோர், உள்ளேயே கிராபிக்ஸ். மூன்று நான்கு வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்டி ஏஎம்5 போர்டும் ரைசன் 9 9900எக்ஸும் எடுக்கலாம். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை (போர்டில் பிராசசர் மாட்டும் இடம்) 2027 வரையிலும் அதற்குப் பின்னும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் எடுத்தால் 4:2:2 வேலை முழுக்க என்விடியா கார்டின் பொறுப்பு. எது வாங்கினாலும் பிரீமியரின் புதிய பதிப்பு இருக்க வேண்டும்.

14900-இல் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதிக வோல்டேஜ் போய் நாளடைவில் கெடும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வந்தது, பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்கள் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டுப் பயன்படுத்தட்டும். இப்போது புதிதாகத் தேடிப்போய் வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

ராம் நான்கு வேண்டாம், இரண்டு போதும். டிடிஆர்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறையும். ரைசன் 9000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகக் கணக்கே இரண்டு ஸ்டிக்குக்கு 5600, நான்குக்கு 3600. 32 ஜிபி இரண்டு என்பது நல்லது. ஆனால் ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது. கட்டுப்படியாகவில்லை என்றால் 16 ஜிபி இரண்டோடு தொடங்குங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதிகம் இல்லாத வேலைக்கு 32 ஜிபி தாங்கும். மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்த வேகம் வராது.

எஸ்எம்பிஎஸ் 750 வாட், பெயர் தெரிந்த கம்பெனி. 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், உள்ளிருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல. அப்புறம் யுபிஎஸ். இதை மறந்துவிட்டுப் பலரும் பழைய 600 விஏ பெட்டியிலேயே புதிய மெஷினை மாட்டுகிறார்கள். அது பெரும்பாலும் 360 வாட் தான் தரும்; ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து விழும். விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள், ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போன்ற சீரான அலை) ஆக இருக்கட்டும்.

முன்பக்கம் கண்ணாடி வேண்டாம். மே மாத வெயிலில் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும் மெஷினுக்குக் காற்று போக வழி வேண்டும்; வலை முகப்பு கேபினட் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், வாங்கும் முன் ஒருமுறை பழைய கம்ப்யூட்டரிலேயே பிராக்ஸி (எடிட்டிங்குக்காக மட்டும் உருவாக்கும் இலகுவான நகல் ஃபைல்) போட்டு எடிட் செய்து பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. நேரம் பிடிக்கும், ஆனால் திணறல் போய்விட்டால் சிக்கல் டீகோடிங்தான் என்பது உறுதி.

கேள்வி: எடிட்டிங்கிற்கு ஜென் 5 எஸ்எஸ்டி அவசியமா? – வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ஜென் என்பது எஸ்எஸ்டி இணைப்பின் தலைமுறை; கேமரா ஃபைலைப் படிக்க ஜென் 4 தாராளம். மிச்சப் பணத்தில் இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டியும், பேக்கப்புக்கு ஒரு ஹார்டு டிஸ்கும் வாங்குங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தின் ஒரே பிரதியை ஒரே டிஸ்க்கில் வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். தொழிலுக்கு வாங்குவதால் எப்படியும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகர், சென்னை

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் வாரண்டியை இழப்பீர்கள். பிராசசர், கார்டு, போர்டு, ராம் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், பெட்டியில் உள்ளதோடு அது ஒத்துப்போக வேண்டும். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே பிராசசருக்குப் பொதுவாகக் கடைக்காரரின் வாரண்டி மட்டும்தான். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் பில் வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு அந்தச் சட்டமே இந்தத் தடையிலிருந்து விலக்கு தருகிறது; அவர் நுகர்வோர்தான். தனியாக எடிட்டிங் செய்பவர் அந்த விலக்கில் வருவார். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லிப் பாருங்கள்.