35 டிவைஸ் இருக்குற வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்கறது?

கேள்வி: மொபைல், லேப்டாப், டிவி, 4 கேமரா, ஸ்மார்ட் பல்பு, பிளக்குன்னு எல்லாம் சேர்த்து வீட்டுல 35 டிவைஸ் வைஃபைல இருக்கு. ரவுட்டர் வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. கேமரா அடிக்கடி ஆஃப்லைன் போகுது, சாயங்காலம் ஆனா வீடியோ கால் திக்குது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ரெண்டு நாள் ஓடுது. 300 எம்பிபிஎஸ் பிளான். டப்பால "128 டிவைஸ் வரைக்கும்"னு போட்டிருக்குற ரவுட்டர் வாங்கினா சரியாகிடுமா?

பதில்: அந்த 128ஐ முதல்ல மறந்துடுங்க. இத்தனை டிவைஸ் கனெக்ட் ஆகி சும்மா உக்காந்திருக்கலாம்ங்கற கணக்கு அது, எல்லாம் ஒரே நேரத்துல டேட்டா கேட்டா என்ன ஆகும்னு அது சொல்லவே சொல்லாது. 35ங்கறதும் ஒண்ணும் பெரிய எண்ணிக்கை இல்ல. உங்க வீட்டுல பாதிக்கு மேல ஒரே இடத்துல போய் நெருக்கிட்டு இருக்கும், அதான் பிரச்சனை, அந்த இடம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்ட் (வைஃபை ஓடுற ரேடியோ அலைவரிசைல ஒண்ணு, இன்னொண்ணு 5 ஜிகாஹெர்ட்ஸ்).

ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரால பெரும்பாலானதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், விலை கம்மியான சிப் போட்டிருப்பாங்க. அந்த பேண்ட்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்குற சேனல் 1, 6, 11னு மூணே மூணு, அதையும் பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் ஓவன்னு எல்லாத்தோடயும் பங்கு போட்டுக்கணும். ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், ஒரே மைக்கை எல்லாரும் மாத்தி மாத்தி வாங்கிப் பேசுற கதைதான், அதுல ஒருத்தர் தூரமா நின்னு ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்துப் பேசினா மத்தவங்க எல்லாரும் அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். உங்க வீட்டுல அந்த ஒருத்தர் பல்பு கிடையாது, பல்பு எப்பவாவது ரெண்டு வார்த்தை பேசிட்டு கம்முனு இருக்கும். கேமராதான். நாள் பூரா பதிவு பண்ற மாதிரி வச்சிருந்தா வீடியோ அனுப்பிட்டே இருக்கும், அதுவும் வாசல், மொட்டை மாடின்னு ரவுட்டர்ல இருந்து எட்டாத மூலைல மாட்டியிருப்போம், சிக்னல் வீக்கா இருக்கறதால ஸ்பீடு குறைஞ்சு அதே வீடியோவை அனுப்ப பல மடங்கு நேரம் எடுத்துக்கும்.

ஆனா ரீபூட் பண்ணா சரியாகுதுன்னு சொல்றீங்க பாருங்க, அது வேற கதை. நெரிசல் மட்டும்னா ரீபூட் பண்ண கொஞ்ச நேரத்துலயே திரும்ப வந்துடும், ரெண்டு நாள் தாங்குதுன்னா ரவுட்டருக்குள்ளயே ஏதோ முட்டிக்குது, மெமரி ரொம்புறதோ சூடாகறதோ பழைய ஃபர்ம்வேர்ல (ரவுட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) இருக்குற கோளாறோ. காசு செலவில்லாம ஒண்ணு பாத்துடுங்க: ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபின்னு இருக்கும், அதுல எத்தனை ஐபி அட்ரஸ் (ஒவ்வொரு டிவைஸுக்கும் ரவுட்டர் குடுக்கற நம்பர்) குடுக்கலாம்னு ரேஞ்ச் போட்டிருக்கும். 50தான் இருக்குன்னா, வந்துட்டுப் போன விருந்தாளி போனுக்குக் குடுத்த அட்ரஸையும் லீஸ் (அட்ரஸ் குடுத்த கெடு) முடியற வரை பிடிச்சு வச்சிருக்கும், புதுசா கேக்குற கேமராவுக்கு இல்லாம போகலாம். 200க்கு ஏத்தி வச்சிடுங்க. எப்படியும் ஏழு வருஷ ரவுட்டருக்கு செக்யூரிட்டி அப்டேட் வர்றது நின்னு போயிருக்க வாய்ப்பு அதிகம், அதனால மாத்துங்கன்னுதான் நானும் சொல்வேன்.

சரி எதை வாங்கறது. வைஃபை 6 போதும் (4, 5, 6, 7ங்கறது வைஃபையோட தலைமுறை எண்). வைஃபை 5 வேண்டாம், ஏன்னா அது 5 ஜிகாஹெர்ட்ஸை மட்டும்தான் மேம்படுத்துச்சு, 2.4 பக்கம் 2009ல வந்த வைஃபை 4லயே நின்னுடுச்சு, வைஃபை 6லதான் ரெண்டையும் கவனிச்சாங்க. ஒரே தடவைல பல டிவைஸுக்கு சின்னச் சின்ன டேட்டாவை சேர்த்து அனுப்புற ஓஎஃப்டிஎம்ஏன்னு ஒரு வசதி இருக்கு, விளம்பரத்துல இதைத்தான் பெருசா பேசுவாங்க, ஆனா எதிர்முனைல இருக்குறதும் வைஃபை 6ஆ இருந்தாதான் அது வேலை செய்யும், உங்க பழைய பல்புக்கு அதால நேரடியா ஒரு பிரயோஜனமும் இல்ல. 2024 ஜனவரில இருந்து சர்டிபிகேட் ஆகி வர்ற வைஃபை 7 பத்தியும் கேப்பீங்க. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு அது தேவைப்படாது, கேமராவும் பல்பும் 6 ஜிகாஹெர்ட்ஸ்ங்கற இன்னொரு பேண்ட் பக்கம் எட்டிக்கூட பாக்காது, அதோட வைஃபை 7னு விக்கிற சிலதுல அந்த 6 ஜிகாஹெர்ட்ஸே கிடையாது.

இப்ப நம்பர் விளையாட்டுக்கு வருவோம். வைஃபை 6 ரவுட்டர் டப்பால ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400னு போட்டிருப்பாங்க, பெருசா இருக்குறதை எடுக்கத் தோணும். அது ரெண்டு பேண்டோட உச்ச ஸ்பீடையும் கூட்டிப் போட்டது. 1800ங்கறது 574 கூட்டல் 1201, 3000ங்கறது 574 கூட்டல் 2402, 5400ங்கறது 574 கூட்டல் 4804. மூணுலயும் 2.4 பக்கம் அதே 574தான் பாத்தீங்களா, உங்களுக்கு அடைச்சுக்கிட்டு நிக்கிற பேண்ட் இந்த மூணுல எதை எடுத்தாலும் துளி கூட மாறல. அந்த 574மே 40 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்துக்கு, அக்கம்பக்கம் வைஃபை நெறைய இருந்தா 20லதான் வைக்கணும், அப்ப அது பாதி. 4804 எடுக்கணும்னா நாலு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி டேட்டா பாதை) வேணும், போன்ல பொதுவா ரெண்டுதான். என்னைக் கேட்டா ஏஎக்ஸ்3000 போதும், மிச்சக் காசுக்கு கேபிள் வாங்குங்க.

பாக்க வேண்டியது வேற: எல்லா கேபிள் போர்ட்டும் ஜிகாபிட்டான்னு (1000 எம்பிபிஎஸ்) பாருங்க, விலை மலிவான சிலதுல போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், உங்க 300 அங்கயே 100க்குள்ள சுருங்கிடும். ரேம் 256 எம்பிக்குக் குறையாம இருக்கட்டும், அப்டேட் எத்தனை வருஷம் தருவாங்கன்னு கம்பெனி சொல்லியிருக்கான்னு பாருங்க, ஐஓடிக்குன்னு (பல்பு, பிளக், கேமரா மாதிரி நெட்ல சேர்ற சாதனங்கள்) தனி நெட்வொர்க் வைக்கற வசதி இருக்கணும், பின்னாடி இன்னொரு யூனிட் சேர்த்து மெஷ் (ரெண்டு மூணு யூனிட் சேர்ந்து ஒரே வைஃபையா ஓடுறது) ஆக்க முடியணும்.

டிவியை கேபிள்ல போட்டுடுங்க. முடிஞ்சா ஒரு ரெண்டு கேமராவையும். இது எந்த ரவுட்டரும் தராத பலனைத் தரும், ஏன்னா அந்த டிராஃபிக் காத்துல இருந்தே காணாமப் போயிடும்.

மாத்துற அன்னிக்கு எல்லா பல்பையும் ஒவ்வொண்ணா ரீசெட் பண்ணிட்டு உக்காராதீங்க. புது ரவுட்டர்ல ஐஓடி நெட்வொர்க்குக்கு பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறாம குடுங்க, 2.4 மட்டும், 20 மெகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ2ன்னு (வைஃபை பாஸ்வேர்டு பாதுகாப்பு முறை, 3ங்கறது அதுல புதுசு) வைங்க, பெரும்பாலும் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும் (பழைய பல்புல சிலது டபிள்யூபிஏ3 கலந்து வச்சா முரண்டு பிடிக்கும்). போன், லேப்டாப்புக்கு புதுப் பேர்ல 5 ஜிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ3, போன், லேப்டாப்ல சேவ் ஆகியிருக்குற பழைய பேரை மறக்காம அழிச்சுடுங்க, இல்லன்னா திரும்ப 2.4க்கே ஓடிடும். ஐஓடி நெட்வொர்க்ல ஐசொலேஷன் (மத்த டிவைஸோட பேச விடாம தனியா பிரிச்சு வைக்கறது) ஆன்ல இருந்தா போன் ஆப் பல்பைக் கண்டுபிடிக்காம போகலாம், அப்ப அதை மட்டும் ஆஃப் பண்ணிப் பாருங்க.

இன்டர்நெட் கம்பெனி குடுத்த டப்பாவும் ரவுட்டர் வேலை பாக்குதுன்னா அதை பிரிட்ஜ் மோடுல (ரவுட்டர் வேலையை விட்டுட்டு இன்டர்நெட்டை மட்டும் கடத்தி விடறது) போடச் சொல்லுங்க. போட மாட்டேன்னா, புதுசை ஆக்ஸஸ் பாயிண்ட் மோடுல (வைஃபை மட்டும் குடுக்கறது) வச்சு டப்பாவோட வைஃபையை அணைச்சுடுங்க. என்ன, அப்ப ஐபி குடுக்கற வேலையெல்லாம் அந்த டப்பாதான் பாக்கும், சில ரவுட்டர்ல ஐஓடி நெட்வொர்க் வசதியும் குறைஞ்சுடும்.

இதெல்லாம் செஞ்சும் ஒரு கேமரா மட்டும் விழுந்துட்டே இருந்தா ஆப்ல அதோட சிக்னலைப் பாருங்க. மைனஸ் 75 டிபிஎம்மை (சிக்னல் அளவு) விட மோசமா, அதாவது மைனஸ் 80, 85ன்னு இருந்தா இன்னும் பவர்ஃபுல் ரவுட்டர் தேடிப் போகாதீங்க, ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் கேமரா அதோட குட்டி ஆன்டெனால பதில் சொல்லியாகணுமே. அந்தப் பக்கம் இன்னொரு மெஷ் யூனிட் வைங்க, அந்த யூனிட்டுக்கு வைஃபைல இல்லாம கேபிள்ல கனெக்ஷன் குடுங்க.