ஐயரிடம் கேளுங்கள்

கேள்வி: ஐயா, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். வருகிறவர்களும் மனப்பாட வசனத்தை ஒப்பிப்பதோடு சரி. விட்டுவிடலாமா?
– நெல்லை வாசகி

பதில்: அதைப் பிறகு பார்க்கலாம் மகளே. முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? கிண்டல் இல்லை. பைபிளில் வரும் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். கடவுளுக்கு உண்மையாக இருப்பதில் தான் ஒருவனே மிச்சம் என்று புலம்பியவருக்கு, இன்னும் 7,000 பேர் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒப்பிக்கிற வசனத்தை லேசாக நினைக்காதே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர்கள் என்னிடம் சொல்வது சின்ன வயதில் படித்த 23-ஆம் சங்கீதத்தைத்தான். என் பிரசங்கத்தை இல்லை!

எலியாவுக்கும் எலிசா என்ற சீடர் துணைக்கு வந்தார். பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொள். மாதம் ஒரு ஞாயிறு அவள் எடுக்கட்டும். நீ பின்பெஞ்சில் உட்கார்.