ஜார்ஜ் பென்சன் ஜாஸை விட்டுவிட்டு பாப் பக்கம் ஓடிப்போனாரா?

கேள்வி இதுதான்: "அருமையான ஜாஸ் கிட்டாரிஸ்டாக இருந்த ஜார்ஜ் பென்சன், காசுக்காகப் பாடகராகி பாப், சோல் பக்கம் போய்விட்டார் என்கிறார்களே, நிஜமா? அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?"

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த வழக்கில் ஒரு காலத்தில் நானும் பென்சனுக்கு எதிராகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் வெற்று கேசட்டைக் கொடுத்து, "இங்கிலீஷ் மெலடி பதிஞ்சு குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் நிரப்பிக் கொடுத்தார். அதில் 'நத்திங்ஸ் கோனா சேஞ்ச் மை லவ் ஃபார் யூ' பாட்டு இருந்தது. அட்டையில் பென்சன் என்று எழுதியிருந்தார். ஹாஸ்டலில் ஒருவனும் நம்பவில்லை. அது கிளென் மெடிரோஸ் பாட்டு என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது மெடிரோஸ் 1987-ல் ஹிட்டாக்கியது. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே பென்சன் பாடி ஆல்பத்தில் வந்துவிட்ட பாட்டு அது. கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஆக, எனக்கு பென்சன் என்றால் பாடகர். கையில் கிட்டார் வைத்திருப்பது போட்டோவுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கப் போனேன். லீட் வாசித்த அண்ணன் ஒருநாள் ஒரு கேசட்டைப் போட்டார். ஆர்கன், சாக்ஸபோன், டிரம்ஸ், நடுவில் மிளகாய் பொரிகிற மாதிரி ஒரு கிட்டார். யார் என்று கேட்டால், "உன் காதல் பாட்டுக்காரர்தான்டா" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கோபம். இவ்வளவு விரலை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் ரேடியோ பாட்டுப் பாடினார்? சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "நல்ல ஞானஸ்தன், சினிமாவுக்குப் போய்க் கெட்டான்" என்று உச்சுக்கொட்டும் பெரியவர் மாதிரியே பல வருடம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

என் மனதை மாற்றியது அவருடைய இளமைக் கதை.

பென்சன் 1943-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பிறந்தவர். ஏழு வயதில் தெருமுனைக் கடை வாசலில் யுகுலேலே என்ற குட்டிக் கிட்டாரை வாசித்துப் பாடிச் சில்லறை சேர்த்திருக்கிறார். எட்டு வயதில் லைசென்ஸ் இல்லாத ஒரு நைட் கிளப்பில் வார இறுதிகளில் கிட்டார். போலீஸ் வந்து கடையை மூடியதோடு அந்த உத்தியோகம் போனது. 1954-ல் ஆர்சிஏ இசைத்தட்டு கம்பெனியின் துணை நிறுவனம் ஒன்று அவர் பாடிய இசைத்தட்டை வெளியிட்டது. அது ஜாஸ் இல்லை, ரிதம் அண்ட் புளூஸ் (சுருக்கமாக ஆர் அண்ட் பி), கறுப்பின மக்களின் துள்ளல் பாட்டிசை, சோலுக்குத் தாய். பதின்ம வயதிலும் அந்த மாதிரிக் குழுக்களில் பாடிக்கொண்டுதான் இருந்தார். கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன், சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் தட்டுகளைக் கேட்டு ஜாஸ் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம்.

அதாவது பென்சன் ஜாஸிலிருந்து பாட்டுக்குப் போனவரே இல்லை. பாட்டிலிருந்து ஜாஸுக்கு வந்தவர். பாதி வாழ்க்கைக் கதையை மட்டும் தெரிந்துகொண்டு நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆர்கனிஸ்ட் ஜாக் மெக்டஃப் குழுவில் சேர்ந்தார். அண்ணன் எனக்குப் போட்ட கேசட் அந்தக் காலத்தது. இந்த ஆர்கன் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களில் பலருக்கு பேஸ் என்கிற கீழ் ஸ்தாயிப் பகுதியை வாசிக்கத் தனி ஆள் கிடையாது. ஹாமண்ட் ஆர்கன்காரரே இடது கையிலும் காலிலும் பேஸைப் பார்த்துக்கொள்வார். வாசித்த இடங்கள் கறுப்பினக் குடியிருப்புகளின் சின்ன பார்கள். வேலை முடிந்து வந்து ஒரு கிளாஸோடு உட்கார்ந்து காலால் தாளம் போடுகிற கூட்டம். அங்கே புளூஸ் வாசிக்காவிட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். 'சோல் ஜாஸ்' என்றே இதற்குப் பெயர். ஜாஸுக்கும் சோலுக்கும் நடுவே பெரிய மதில் இருந்ததாகப் பேசுகிறோம். இவர் வளர்ந்த வீட்டில் அந்த மதிலே கிடையாது.

1964-ல் சொந்தப் பெயரில் முதல் ஆல்பம். பிறகு பாப் டிலனையும் அரீதா ஃபிராங்க்ளினையும் கொலம்பியா இசைத்தட்டு கம்பெனிக்குக் கூட்டிவந்த தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் இவரையும் ஒப்பந்தம் செய்தார். 1966-ல் வந்த 'இட்ஸ் அப்டவுன்' ஆல்பத்தில் கிட்டார் காற்றாய்ப் பறக்கும். அதிலேயே பாடவும் செய்திருக்கிறார்! யாரும் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். 1968-ல் ஜாஸின் பெரிய டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் 'மைல்ஸ் இன் த ஸ்கை' ஆல்பத்தில் ஒரு டிராக்குக்கு அழைத்து வாசிக்க வைத்தார். ஜாஸ் உலகில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

இங்கே வெஸ் மாண்ட்கோமரியைச் சொல்லாமல் முடியாது. இண்டியானாபொலிஸ் நகரத்து ஜாஸ் கிட்டாரிஸ்ட், பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) இல்லாமல் கட்டைவிரலாலேயே வாசித்தவர். ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து மீட்டுகிற ஆக்டேவ் பாணியில் மொத்த சோலோவையும் கொண்டுபோவார். அறுபதுகளின் பிற்பாதியில் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் அவரை வைத்து, பீட்டில்ஸ் பாட்டுகளையும் ரேடியோ ஹிட்டுகளையும் வயலின் கூட்டத்தோடு வாசிக்க வைத்தார். நன்றாக விற்றது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1968 ஜூனில், 45 வயதில், வெஸ் இறந்துபோனார். காலியான நாற்காலிக்கு டெய்லர் கண்ணில் பட்ட ஆள் பென்சன். 1969-ல் பீட்டில்ஸின் 'அபி ரோடு' வந்த சூட்டோடு அந்தப் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பமே செய்தார்கள். பாப் பாட்டை ஜாஸ்காரர் எடுத்து வாசிக்கும் வழியை வெஸ் ஏற்கனவே போட்டிருந்தார், ஏச்சையும் முதலில் அவரே வாங்கியிருந்தார். வாய் திறந்து பாடியதுதான் பென்சன் கூட்டியது. ஆக்டேவிலும் அவருக்கென்று ஒரு சேர்க்கை உண்டு. இரண்டு சுரத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகிவிடுவார். ஒலி சட்டென்று தடித்துவிடும். இதை வாசிக்க முயன்று என் சுண்டுவிரல் பட்ட பாட்டைத் தனிப் பதிலாகவே எழுதலாம்.

1976-ல் வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு கம்பெனிக்குப் போய் டாமி லிப்யூமா தயாரிப்பில் 'பிரீஸின்' ஆல்பம் செய்தார். ஓடிப்போன குற்றத்துக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். நீங்களும் ஒருமுறை டிராக்குகளை எண்ணிப் பாருங்கள். மொத்தம் ஆறு. பாட்டு ஒன்றே ஒன்று. மீதி ஐந்தும் வாத்திய இசை! பாடகராகிவிட்டார் என்று பழிக்கப்படும் ஆல்பத்தின் லட்சணம் இது. தலைப்பு டிராக்கை எழுதியவர் சோல் பாடகர் பாபி வோமக். ஹங்கேரியில் பிறந்த கிட்டாரிஸ்ட் காபோர் சாபோ 1971-லேயே அதை வாசித்துவிட்டார், அதற்கும் லிப்யூமாதான் தயாரிப்பாளர். ஒரே மெட்டு, ஒரே தயாரிப்பாளர், ஐந்து வருட இடைவெளி. பென்சன் வாசித்தது ஊரெல்லாம் ஒலித்தது.

அந்த ஒற்றைப் பாட்டு 'திஸ் மாஸ்கரேட்'. லியான் ரஸ்ஸல் எழுதி 1972-ல் பாடியது. தொடக்கத்தில் ஒரு மைனர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) அசையாமல் நிற்க, அதன் உள்ளே ஒரு சுரம் மட்டும் அரை அரைப் படியாகக் கீழே இறங்கும். பழைய ஜாஸ் பாட்டுகளில் பழகிய நடை. அதனால் பென்சன் தனக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரியே இருக்காது. முதலில் கிட்டாரும் குரலும் ஒன்றாக வரும். விரல் எந்தச் சுரத்தைத் தொடுகிறதோ அதையே அதே நொடியில் வாயும் சொல்லும். நம் கச்சேரியில் பாடகர் பாடுவதை வயலின்காரர் நிழல்போலத் தொடர்வார் இல்லையா, இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள், நிழலுக்கும் உருவத்துக்கும் இடைவெளியே இல்லை. ஆல்பத்தில் பாட்டு எட்டு நிமிடம். ரேடியோவுக்குப் போன சிங்கிள் அதில் பாதிகூட இல்லை. என் சந்தேகம், ஜாஸை விட்டுவிட்டார் என்று சொன்ன பல பேர் அந்த வெட்டிய துண்டை மட்டும் கேட்டவர்கள்.

சிங்கிள் பாப் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது. ஆல்பம் அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் பாப், ஆர் அண்ட் பி, ஜாஸ் என மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. பாட்டுக்கு ஆண்டின் சிறந்த ரெக்கார்ட் என்ற கிராமி.

இதற்குப் பிறகு கதை வேகமாக ஓடும். 1977-ல் முகமது அலியைப் பற்றிய படத்துக்காக 'த கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' பாடினார். அதைப் பின்னாளில் விட்னி ஹூஸ்டன் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அடுத்த வருடம் மேடையில் பதிவான 'ஆன் பிராட்வே'. 1980-ல் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில், ராட் டெம்பர்டன் எழுதிய 'கிவ் மீ த நைட்'. அதில் கிட்டார் பெரும்பாலும் ஓரமாக நின்று தாளத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும், ஆனால் அது கிட்டாரிஸ்டின் பாட்டு இல்லை என்று சொன்னால் மறுக்க மாட்டேன். எண்பதுகளின் நடுவில் வந்தவற்றில் சிலவற்றை நான் திரும்பக் கேட்பதே இல்லை. சிந்தசைசர் வெள்ளத்தில் அவர் கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. என் ரெக்கார்டிங் சென்டர் பாட்டும் அந்த வரிசைதான், அதை மட்டும் பழைய பாசத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.

காசுக்காகவா என்றால், காசுக்காகவும்தான். தெருமுனையில் சில்லறைக்காகப் பாடிய பையனிடம் அதை ஏன் குற்றமாகக் கேட்க வேண்டும்? 1990-ல் கவுண்ட் பேசி ஆர்கெஸ்ட்ராவோடு, பிக் பேண்ட் என்கிற பெரிய ஜாஸ் வாத்தியக் குழு ஆல்பம் செய்தார். 2009-ல் அமெரிக்க அரசின் கலை நிதியம் அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம் தந்தது. விட்டு ஓடியவருக்கு அதைக் கொடுப்பார்களா என்ன.

எங்கிருந்து தொடங்குவது? 'திஸ் மாஸ்கரேட்' எட்டு நிமிடப் பதிப்பு, சரியாக அது, சிங்கிள் வேண்டாம். பிடித்தால் பின்னால் போய் 'இட்ஸ் அப்டவுன்' கேளுங்கள். கிட்டார் வாசிப்பவராக இருந்தால் வீடியோவில் அவர் வலது கையைக் கவனியுங்கள். பிக்கை எல்லோரும் சாய்ப்பதற்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, கட்டைவிரலைப் பின்னால் வளைத்து, பிக்கின் மறு விளிம்பால் கம்பியைத் தொடுவார். அந்த உருண்டையான ஒலிக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டுப் பழைய பிடிக்கே வந்துவிட்டேன்.

கிட்டாரோடு சேர்ந்து பாடும் வித்தையையும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் முயன்றேன். வெளியே வந்தால் மனைவி கேட்டாள்: "உள்ள யாருகூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க?"