மண்டியிட்டவனும் வாளும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கல்லூரியில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ பாடம். ‘தயக்கமே அவன் குறை’ என்று எழுதி மார்க் வாங்கினேன். இருபது வருடம் கழித்து இப்போது மறுபடி படித்தால் எரிச்சல்தான் வருகிறது. மூன்றாம் அங்கத்தில், ஹாம்லெட்டின் அப்பாவைக் கொன்று அரசனான சித்தப்பா கிளாடியஸ் தனியாக மண்டியிட்டு ஜெபிக்கிறான். பின்னால் பழிவாங்க வாளோடு ஹாம்லெட். அங்கேயே வெட்டியிருந்தால் ஏழு உயிர் பிழைத்திருக்கும். ஒரு கோழைக்கு ஏன் இத்தனை புகழ்?

– ரா.

அன்புள்ள ரா.,

கணக்கு சரிதான். பொலோனியஸ், ஒஃபீலியா, ரோசன்கிரான்ஸ், கில்டன்ஸ்டர்ன், ஹாம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட், லேயர்ட்டீஸ், ஹாம்லெட். கோழை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கை ஏன் நின்றது என்பதை ஹாம்லெட்டே சொல்கிறான். ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் ஆன்மா நேரே சொர்க்கத்துக்குப் போய்விடும். அப்பாவோ தூக்கத்தில், காதில் விஷம் ஊற்றப்பட்டு, பாவமன்னிப்புக்கு வழியில்லாமல் செத்தவர். அதனால்தான் ஆவியாக அலைகிறார். அவரைக் கொன்றவனுக்கு மோட்சமா? குடித்துக் கிடக்கையில், சூதாடுகையில் பிடித்தால் நரகம் நிச்சயம். அதற்காகத்தான் வாளை உறையில் போடுகிறான். உயிரை எடுப்பது அவனுக்குப் போதவில்லை.

விமர்சகர் சாமுவேல் ஜான்சன் தன் 1765 ஷேக்ஸ்பியர் பதிப்பில், படிக்கவே கூடாத அளவுக்குக் கொடூரமான பேச்சு என்று இதற்குக் குறிப்பு எழுதினார். கவிஞர் கோல்ரிட்ஜ் அதை மறுத்தார்; தள்ளிப்போடுகிறவன் சொல்லும் சாக்கு என்றார். நாம் படித்துப் பாஸான நோட்ஸ் எல்லாம் கோல்ரிட்ஜ் வம்சம். நான் ஜான்சன் கட்சி.

ஹாம்லெட் போனபின் கிளாடியஸ் எழுந்து சொல்வதையும் பாருங்கள்: வார்த்தைதான் மேலே போகிறது, எண்ணம் கீழேயே கிடக்கிறது. ஜெபமே கைகூடவில்லை! வெட்டியிருந்தால் ஹாம்லெட் கேட்ட நரகமே கிடைத்திருக்கும். அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அடுத்த காட்சியிலேயே படுதாவுக்குப் பின்னால் யார் என்று பார்க்காமல் குத்துகிறான், சாவது பொலோனியஸ். கூடப் படித்த ரோசன்கிரான்ஸ், கில்டன்ஸ்டர்ன் இருவரையும் கடிதத்தை மாற்றி எழுதிச் சாவுக்கு அனுப்புகிறான், துளி வருத்தமில்லை. இவனா தயங்குகிறவன்?

தயக்கம் ஷேக்ஸ்பியர் கண்டுபிடித்ததும் அல்ல. 1592-ல் லண்டன் ரோஸ் அரங்கில் ஓடிய தாமஸ் கிட்டின் ‘ஸ்பானிஷ் டிராஜடி’யில் ஹியரோனிமோ என்ற நீதியதிகாரி வருகிறான். மகனைக் கொன்று தோட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழி கடவுளுக்கு உரியது என்ற பைபிள் வசனத்தை யோசிக்கிறான். அரசனிடம் முறையிடப் போகிறான், காது கொடுப்பாரில்லை. ஊரார் வழக்கையெல்லாம் தீர்த்தவன், தன்னிடம் வந்த மனுக்களைப் பல்லால் கிழிக்கிறான். அந்தத் தயக்கம் சட்டத்தை நம்பியவனுடையது. எனக்கு அவன்மேல்தான் இரக்கம் அதிகம்.

நேரமிருந்தால் ஹாம்லெட்டின் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி படியுங்கள். விஷம் தோய்ந்த வாளால் கிளாடியஸைக் குத்தி, கோப்பையில் அம்மா குடித்து மீந்த விஷத்தையும் வாயில் ஊற்றுகிறான். ‘என் அம்மா பின்னாலேயே போ’ என்கிறான். அந்த நேரத்தில் அப்பா பேச்சே இல்லை. கிட்டின் நாடகத்தில் போரில் செத்த ஒருவனின் ஆவி கடைசிவரை மேடையிலேயே உட்கார்ந்து, முடிவில் விழுந்த சாவுகளை எண்ணி ரசிக்கிறது. இங்கே அப்பாவின் ஆவி அந்தக் காட்சியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.