தாய்க்கு அம்மை கண்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான்கு நாட்களுக்கு முன் பேரனுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. மகளுக்கு இதுவரை அம்மை வந்ததாக நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, வீட்டில் வேப்பிலை வைத்தால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால், உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

வேப்பிலை வைப்பதிலும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதிலும் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் பிரசவத்தை நெருங்கியிருக்கும் பெண் இருக்கும் வீட்டில், அம்மை கண்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் கணக்கில் வருகிறது. அந்த நாட்களை வீட்டுக்குள் கழித்துவிடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன். சின்னம்மை வைரஸ் உடலில் புகுந்து கொப்புளமாக வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகும். சிறு வயதில் லேசாக வந்துபோன அம்மையைப் பலரும் மறந்திருப்பார்கள். ஆகவே முதலில் மகளின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால், வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் செறிவாகக் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியை, தொற்றுக்கு ஆளான 10 நாட்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட்டுக்கொள்ளலாம். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸைக் கொண்டது என்பதால் கர்ப்பிணிக்கு அதைப் போடுவதில்லை.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலும் தாயின் எதிர்ப்பொருளை வைத்தே பிழைத்திருக்கிறது. ஐ.ஜி.ஜி. எனப்படும் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி தானே பிடித்து இழுத்துக் குழந்தையின் பக்கம் அனுப்புகிறது. மூன்றாம் மாதம் முடியும் தறுவாயில் தொடங்கும் இந்தப் பரிமாற்றம் கடைசி மூன்று மாதங்களில்தான் மிகுதியாக நடக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு தாயிடம் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தொற்று வந்தவுடன் உடல் முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். என்ற வகையோ நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆக, தாய்க்கு அம்மை கண்டு, அவள் உடல் ஐ.ஜி.ஜி.யை உண்டாக்கி, அது குழந்தையைச் சென்றடைய நாட்கள் பிடிக்கும். பிரசவத்துக்கு 5 நாட்களுக்கு முன்பிருந்து பிரசவமான 2 நாட்கள் வரையிலான இடைவெளியில் தாய்க்குக் கொப்புளம் கண்டால், குழந்தைக்கு வைரஸ் வந்து சேர்ந்திருக்கும், எதிர்ப்பொருள் வந்து சேர்ந்திருக்காது. உரிய மருந்து இல்லாத காலத்தில் இப்படி நோயுற்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். இன்று பிறந்தவுடன் இம்யூனோகுளோபுலினும், தேவைப்பட்டால் அசைக்ளோவிர் மருந்தும் கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது; அதற்குப் பிரசவம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்க்கும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்கு வரும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாக மாறக்கூடும். கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். மருத்துவமனையில் மற்ற கர்ப்பிணிகளும் காத்திருப்பார்கள் என்பதால், சொல்லிவிட்டுச் செல்வது அவர்களுக்கும் நல்லது.

கேள்வி: கர்ப்ப காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: குறைவதில்லை, மாறுகிறது. பாதி தந்தையுடையதான ஒரு உயிரைத் தாயின் உடல் ஏன் அந்நியம் என்று தள்ளிவிடுவதில்லை என்ற கேள்வியை 1953இல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி எழுப்பினார். தாயின் வெள்ளை அணுக்களில் சில வகை அடங்கிப்போக, அவற்றை அடக்கும் வகை பெருகுகிறது என்பது பின்னர் தெரிந்தது. இந்த மாற்றத்தோடு, கருப்பை மேலெழும்பி நுரையீரலுக்கு இடம் குறைவதும் சேர்ந்துகொள்வதால் இன்ஃப்ளுயன்சா கர்ப்பிணியைக் கடுமையாகத் தாக்குகிறது. 1918லும் 2009லும் உலகெங்கும் இன்ஃப்ளுயன்சா பரவியபோது உலகம் அதைக் கண்டது. நம் நாட்டில் நான் இதைவிட அதிகம் வலியுறுத்துவது, அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ மஞ்சள்காமாலையை. மற்றவர்களுக்குத் தானாகக் குணமாகிவிடும் இந்த நோய், கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணின் உயிரையே பறிக்கக்கூடும். வெள்ளம் வடிந்த நாட்களில் கர்ப்பிணிக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏழாம் மாதத்தில் எனக்கு டெங்கு வந்து குணமானது. குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். எனக்கு வந்துவிட்டதால் பிள்ளைக்கு டெங்கு வராது என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மாமியார் சொல்வது முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அதன் பிறகு அது தலைகீழாகிவிடக்கூடும் என்பதால், இனி வரும் மாதங்களில் நீங்கள் முன்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்ற வகைகளின் மீதும் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் அவற்றை முழுமையாகச் செயலிழக்கச் செய்யாது. பாதி அடங்கிய அந்த வைரஸை வெள்ளை அணு விழுங்கும்போது, அணுவுக்குள்ளேயே வைரஸ் பெருகிவிடுகிறது. பெரியவர்களுக்கு இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைக்குழந்தைக்கோ, தாய் கொடுத்த எதிர்ப்பொருளால் முதல் முறையிலேயே இந்த நிலை ஏற்படக்கூடும். தாயிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜி. சில வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. நிறைவாக இருக்கும்போது காத்த அதே எதிர்ப்பொருள், 6 முதல் 9 மாத வயதில் அரைகுறையாக மிஞ்சியிருக்கும்போது நோயைத் தீவிரமாக்குகிறது. பாங்காக்கில் டெங்குவால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகளைக் கவனித்த மருத்துவர்கள் இந்த வயதுக் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் பிள்ளைக்கும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கை கால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சல் குறைந்துவிட்டதே என்று நிம்மதியடையும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: 2021இல் நான் கர்ப்பமாக இருந்தபோது கொரோனா வந்தது. மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. அதுதான் காரணமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், அம்மா. பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் இயல்பு. கொரோனா வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைவது அரிது. நோயுற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம், வைரஸ் எட்டாத போதும், தொப்புள்கொடி இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் சற்று வேறுபட்டிருந்ததை ஆய்வுகள் காட்டின. தாயின் உடலில் எழும் அழற்சியின் சமிக்ஞைகள் குழந்தையிடமும் போய்ச்சேர்கின்றன என்பது அதன் பொருள். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் சளிக்குத் தாயைக் காரணமாக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குத் தொற்றில்லாமல் பிறக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குத் தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்பொருள் குறைவு, குழந்தைப் பருவத்தில் மற்ற தொற்றுகள் கூடுதலாக வருவதும் உறுதியாகத் தெரிந்ததே. அந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஒருநாளும் தவறக் கூடாது. உங்கள் மகன் வயதுக்கேற்ற எடையோடு வளர்ந்து, சளி தானாகச் சரியாகிவிடுகிறதென்றால் நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: தைமாதம் எனக்குத் திருமணம். ரூபெல்லா தடுப்பூசி போட்டதாக நினைவில்லை. இப்போது போடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். தாய்க்கு மூன்று நாள் சொறியாக வந்துபோகும் ரூபெல்லா, முதல் மூன்று மாதக் கருவின் கண், காது, இதயத்தைச் சிதைக்கக்கூடும். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர்தான், கண்புரையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்ததை முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தார். கருவின் முதிராத எதிர்ப்புத் திறன் இந்த வைரஸை விரட்ட முடியாமல் திணறுவதால், பிறந்து ஓராண்டு வரைகூடக் குழந்தையின் உடலிலிருந்து வைரஸ் வெளிவரலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப்பட்டது. நீங்கள் அப்போது பள்ளியில் போட்டிருக்கவும் கூடும். நினைவில்லை என்றால் மீண்டும் போடுவதில் தீங்கில்லை. ஊசி போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் தெரியாமல் கரு உண்டாகிவிட்டால், அந்த ஊசிக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.