எந்த மேலாண்மைக் கோட்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும்? திருப்பூர் தையல் லைனிலிருந்து ஒரு பதில்

கேள்வி: டெய்லரின் அறிவியல் மேலாண்மை, மேயோவின் மனித உறவுகள், மெக்ரிகரின் எக்ஸ்-ஒய், டெமிங்கின் தரம். இவற்றை ஒப்பிட்டால் நடைமுறைக்குச் சிறந்தது எது?

நீங்கள் எம்பிஏ முதல் செமஸ்டர் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் மன்னிக்கவும். இந்த நாலு பேரும் இதே வரிசையில் வருவது நோட்ஸில்தான். பரீட்சைக்கு என்றால் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் நிறை, அந்தப் பக்கம் குறை என்று எழுதிவிட்டு வாருங்கள், மார்க் வந்துவிடும். நடைமுறை என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக ஆரம்பித்து இப்போது புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன், டிகிரி தபாலில் வாங்கியது. தியரி தெரியாமல் பேசுகிறார் என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போடவும்.

என்னைக் கேட்டால், இவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்துவதே தப்பு. யார் எந்தத் தொழிற்சாலையில் நின்றுகொண்டு, எந்தத் தலைவலிக்கு மருந்து தேடினார் என்று முதலில் பார்க்க வேண்டும். டெய்லர் பார்த்தது பெத்லகேம் இரும்பு ஆலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 12½ டன் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் 47½ டன் ஏற்ற வைத்தேன், கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக ஆக்கினேன் என்று 1911-ல் புத்தகம் போட்டார். (அந்தக் கதையில் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறார் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.) வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கை எங்கள் ஓவர்லாக் தையல் மெஷின் அக்காக்களிடம் சொன்னால் யாருக்கு லாபம் என்று பேப்பர், பேனா இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கம்பெனிக்கு ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், வேலை நேரத்தை அளப்பவர்கள்) டிபார்ட்மென்ட் வந்த கதையைச் சொன்னால் புரியும். கோயம்புத்தூரில் படித்த ஒரு பையன், கையில் ஸ்டாப்வாட்ச், அட்டையில் செருகிய பேப்பர். ஒவ்வொரு ஆபரேட்டர் பக்கத்திலும் போய் நின்று கை ஏற்ற (டீ-ஷர்ட்டில் கைப்பகுதியை வைத்துத் தைக்க) எத்தனை செகண்டு, சைடு அடிக்க எத்தனை செகண்டு என்று எழுதுவான். அதை எல்லாம் கூட்டி ஒரு டீ-ஷர்ட்டுக்கு இத்தனை நிமிடம், அப்படியானால் லைனுக்கு மணிக்கு இத்தனை பீஸ் டார்கெட். அசல் டெய்லர் முறைதான். நூறு வருஷம் கழித்தும் உலகம் பூராவும் கார்மென்ட் இதில்தான் ஓடுகிறது, அதனால் டெய்லர் செத்துப்போன தியரி என்று எந்த லெக்சரராவது சொன்னால் ஒரு நாள் இங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் வாட்சை அமுக்கியதும் லைன் மெதுவாகிவிட்டது. கை ஏற்றுவதில் எங்களிடம் பேர்போன ஒரு அக்கா. சாதாரண நாளில் பண்டிலை (வெட்டிய துணிக் கட்டை) அவிழ்ப்பதும் தெரியாது, முடிப்பதும் தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு பீஸையும் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார், நூலைத் தொட்டுப் பார்க்கிறார், தைத்து முடித்ததை நீவி நீவி அடுக்குகிறார். பையன் போனதும் தனியாகக் கேட்டேன். "வேகமா தெச்சுக் காட்டுனா நாளைக்கு அதையே டார்கெட்டுன்னு போடுவீங்க, அடுத்த ஸ்டைலுக்கு பீஸுக்கு இவ்வளவுன்னு குடுக்கிற ரேட்டையும் குறைப்பீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய ஆர்டரில் அப்படித்தான் நடந்திருந்தது.

இதே விஷயம் மேயோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆராய்ச்சி நடந்த, சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையில் 1931-32-ல் அப்படியே பதிவாகியிருக்கிறது. மேயோ என்றதும் எல்லோரும் எழுதுவது வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, கவனித்தால் போதும் ஆள் வேலை செய்வான் என்பது. அதே ஆலையில் வயரிங் அறையில் 14 ஆண்களை வைத்துப் பார்த்தார்களே, அதை ஏன் யாரும் எழுதுவதில்லை? அவர்கள் தங்களுக்குள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு வைத்திருந்தார்கள், மீறி வேகமாகச் செய்தவனுக்குத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குத்து. ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான். கவனித்தால் ஏறும் என்று காட்டிய பெண்கள் அறையிலும் அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பேரை நடுவில் மாற்றினார்கள், கூலி கணக்கிடும் முறையையும் மாற்றினார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு "மனித உறவுகள்" என்று தலைப்பு போட்டால் என்ன அர்த்தம்?

நான் மேயோவுக்கு எதிரி இல்லை. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. பீஸ் ரேட்டைத் தொடாமல் இருந்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள் என்கிறேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஸ்டைல் முடியும் வரை ரேட் மாறாது என்று முதலாளியிடம் எழுதி வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அப்புறம்தான் வாட்ச் உண்மை பேசியது. பார்த்தால் லைன் நின்ற நேரத்தில் பெரும்பகுதி ஆபரேட்டரால் இல்லை. கட்டிங்கிலிருந்து பண்டில் வரவில்லை, கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி சாயம் ஒத்துப்போகாமல் திரும்பிப் போயிருந்தது, நூல் மாற்ற மெக்கானிக் கிடைக்கவில்லை. டெமிங் சொன்னது இதைத்தான். கோளாறில் 94 சதவீதம் அமைப்பின் கோளாறு என்பது அவர் அனுபவத்தில் போட்ட கணக்கு. ஜப்பான்காரர்கள் 1950-லேயே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். நம் பக்கத்தில் சென்னை சுந்தரம் கிளேட்டன் 1998-ல் அவர் பெயரில் இருக்கும் பரிசை வாங்கியது. இங்கே இன்னும் மணிக்கு மணி போர்டில் சிவப்பு மை போட்டு ஆபரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மெக்ரிகர் பற்றி அதிகம் இல்லை. ஆள் சோம்பேறி என்று நம்பி நடத்துவது எக்ஸ், பொறுப்பானவன் என்று நம்பி நடத்துவது ஒய்; எக்ஸ் என்று நடத்தினால் அப்படியே ஆகிவிடுவான் என்றார், 1960-ல். எங்கள் முதலாளி ஃப்ளோரில் எக்ஸ், சங்க விழா மேடையில் ஒய்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ரைஸ் என்பவர் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். புது ஆட்டோமேட்டிக் தறி போட்டும் உற்பத்தி ஏறவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை, யாருக்கும் முழுத் தறி பொறுப்பு இல்லை. சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, இந்தத் தறிகள் இந்தக் குழுவுக்கு என்று விட்டதும் உற்பத்தி ஏறியது, துணி சேதம் குறைந்தது. குழு பிரித்ததும் தொழிலாளிகளேதான். அதைப் பார்த்து ஒரு லைனில் கழுத்து வேலை செய்யும் ஐந்து பேரை ஒரு குழுவாக்கி, யார் எந்த மெஷினில் உட்காருவது என்று அவர்களிடமே விட்டேன். ஆல்டரேஷன் (பிரித்துத் திரும்பத் தைப்பது) கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஒரு ஷிப்மென்ட் நெருக்கியதும் அந்த ஐந்தில் கெட்டிக்காரர் மூன்று பேரை வேறு லைனுக்கு இழுத்துப் போட்டார்கள். கதை அத்தோடு முடிந்தது.

ஷிப்மென்ட் ஏன் நெருக்குகிறது? இது நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பையர் (எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனி) ஆபீஸில் ஒருவர் வந்து தொழிலாளிகளின் கருத்துக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று ஆலோசனைப் பெட்டியை போட்டோ எடுப்பார். அதே ஆபீஸில் இன்னொருவர் அதே வாரம் மெயில் போடுவார்: பீஸுக்கு ஐந்து சென்ட் குறை, பத்து நாள் முன்னால் அனுப்பு, லேட்டானால் உன் செலவில் விமானத்தில் அனுப்பு. சாம்பிளுக்கு ஓகே சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று வாரம் எந்தக் கணக்கிலும் வராது. பையர் மெயிலுக்கு ஒரு தியரி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஃபயோலை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவர் சுரங்கக் கம்பெனியை நடத்தியவர், ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரி என்பது 1916-ல் அவர் சொன்ன 14 விதிகளில் ஒன்று. டெய்லரோ ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மேன் வரை வைக்கலாம் என்றவர். உண்மையாகவே ஒப்பிட வேண்டும் என்றால் இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள், நேருக்கு நேர் மோதுகிற இடம் அதுதான். எங்கள் கம்பெனி இதில் டெய்லர் கட்சி. ஒரு ஆபரேட்டருக்கு லைன் சூப்பர்வைசர், க்யூசி (தரம் பார்ப்பவர்), ஐ.இ. பையன், நான், முதலாளி, முதலாளி மகன். போன மாதத்திலிருந்து மகனின் மாமனாரும் காலையில் ஒரு ரவுண்டு வருகிறார்.